வயரின் மறுமுனை

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி, காலமான என் தம்பியின் மகள், கம்ப்யூட்டர் மெக்கானிக், ஆக நான்கு பேர். நால்வரும் கீழ்க்கூடத்தில்தான் இருந்தோம்.

தம்பி மகளோடு மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் பேசத் தொடங்கினால், கம்ப்யூட்டர் வயரை விட்டு வைஃபைக்குத் தாவும். படம் உறையும். பிறகு தானே வயருக்குத் திரும்பும். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவியிருந்தன. அதனால்தான் மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் பேசும் அன்று மெக்கானிக்கை வரவழைத்தேன்.

"மாப்பிள்ளை பாதி கொட்டாவியோட நின்னுட்டாரு பெரியப்பா" என்று சிரித்தாள் பெண்.

"வாயை மூடுடி, கேட்டுடப் போகுது" என்றாள் என் மனைவி.

மெக்கானிக் நிமிர்ந்தார். "இங்க கோளாறு இல்லைங்க ஐயா. மேல மோடத்துலேருந்து யாரோ வயரைக் கழட்டிக் கழட்டி மாட்டுறாங்க."

மோடம் இருப்பது தம்பியின் அறையில்.

நான் மாடிப்படியின் அடியில் போய் நின்றேன். "டேய், உன் பொண்ணு கல்யாணப் பேச்சுடா. மானத்தை வாங்காதே."

அதன்பின் இணைப்பு அறுபடவில்லை. சம்பந்தம் முடிவாயிற்று.

பயந்துபோய் அந்த அறையை நாங்கள் பூட்டிவிட்டதாக உறவினர் சிலர் பேசித் திரிகிறார்கள். அது பொய். நாங்கள் பூட்டவில்லை. கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டிருக்கிறது.