முதல்லேர்ந்து சொல்லு

"அந்த அம்மா பலே ஆளு. ஓசியிலேயே நம்ம யோசனையெல்லாம் கறந்துக்கறாங்க. இன்னிக்குப் போய் ஒண்ணு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்குங்க, இல்லே தலைமுழுகிட்டு வாங்க!"

கன்சல்டிங் கம்பெனியின் பார்ட்னர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரியும். மார்க்கெட்டிங்கிலேயே தலை நரைத்தவள். பிடி கொடுக்காத கிளையன்ட்டைத் துரத்தக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான்.

ஆனாலும் அந்த அட்டைப்பெட்டி கம்பெனி முதலாளியம்மா கூப்பிட்டால் மட்டும் மறுக்க மனசு வராது.

'பாவம், புருஷன் போனப்புறம் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. நான் போனா முகம் எப்படி மலருது!'

இன்றைக்கும் மலர்ந்தது.

"வாம்மா. ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே? முதல்ல உட்காரு."

லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் விளக்கினாள். முதலாளியம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "மண்டையில ஏறலை. இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லு. அதுக்கு முன்னாடி காபியைக் குடி" என்றார்.

பேச்சு எங்கெங்கோ போனது.

"பல்வலின்னியே, டாக்டரைப் பார்த்தியா?"

"போகணும்மா."

"தனியாப் போக யோசனையா இருந்தா என்னைக் கூப்பிடு."

அவள் சிரித்து மழுப்பினாள். கிளம்பும்போதுதான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க ஒப்பந்தம் போடலைன்னா இனிமே ஆபீஸ்ல என்னை இங்கே அனுப்ப மாட்டாங்கம்மா."

முதலாளியம்மாவின் முகம் வாடியது. "அவங்க அனுப்பலைன்னா என்ன? நீயா வாயேன்."

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள். விறுவிறுவென்று வெளியே வந்தவள், ரிசப்ஷனில் நின்றிருந்த முதலாளியம்மாவின் மருமகளிடம் பொரிந்து தள்ளினாள்.

"உங்க அத்தையைக் கொஞ்சம் கவனிங்க. பேச ஆளில்லாம ஏங்கிப் போயிருக்காங்க!"

மருமகள் விழித்தாள்.

"அத்தையா? பேரன், பேத்தி, சிநேகிதிங்கன்னு அவங்களைப் பிடிக்கறதே பெரும்பாடு மேடம்! எங்களுக்குக் கன்சல்டன்ட் ஏற்கெனவே இருக்காங்க. 'அந்த மேடத்தை ஏன் சும்மா இழுத்தடிக்கறீங்க?'ன்னு நானே சண்டை போட்டுட்டேன். 'வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் அவ யார்கிட்டடி போய்ப் பேசுவா?'ன்னு என் வாயை அடைச்சுட்டாங்க."