சிலேட்டில் ஐந்து புள்ளிகள்

ஆயர் ஈத்தாம் ஊரில், தன் வீட்டின் பின்முற்றத்தில் ஹென்றி வாத்தியார் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருக்கிறார். கொடிமலைக்கு மேலே மங்கலாக ஐந்து பொட்டுகள். நேற்று இவற்றைச் சிலேட்டில் குறித்து வைத்தார். இன்று இடம் மாறியிருப்பது எதுவோ அதுதான் வெஸ்டா என்ற சிறுகோள். மனைவி ஜூலியானா விளக்கோடு வந்து நிற்கிறாள். அவருக்குக் கண் கூசுகிறது. "விளக்க உள்ள கொண்டு போ." "புள்ளைக்கு நேத்துலேருந்து காய்ச்சல். ஒருவாட்டி தொட்டுப் பாத்தீங்களா?" "மேகம் வருது. இன்னைக்கு விட்டா கெடைக்காது." உள்ளே குழந்தை முனகுகிறது. அவர் திரும்பவில்லை. ஜூலியானா விளக்கைத் தரையில் வைக்கிறாள். குழந்தையின் நெற்றியிலிருந்து எடுத்த ஈரத்துணி அவள் கையில் இன்னும் சூடாக இருக்கிறது. அதைக்கொண்டு சிலேட்டை அழுத்தித் துடைக்கிறாள். "இப்ப சொல்லுங்க, எது நவுந்துச்சு?"