வரிச்சியின் வால்

எழுதும்போது பேனா, படுக்கும்போது போர்வை. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

வரிச்சி என்கிற அணிலின் வால்தான் அது. நாவல்பழச் சாற்றில் வாலைத் தோய்த்து, தோட்டத்து வெள்ளைச் சுவரில் வரிச்சி கதை எழுதும். அதன் குட்டி துணுக்குக்கோ, அந்த வாலைப் போர்த்திக்கொண்டால்தான் தூக்கம் வரும்.

அன்று கதையில் கடைசி வரி மட்டும் பாக்கி. காலையிலிருந்தே அது வரிச்சியின் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் மைனா வந்துவிடும். முடிந்த கதையாக இருந்தால்தான் ஆலமரத்துப் பறவைகளுக்குச் சொல்ல எடுத்துப் போகும்.

துணுக்கு வாலை விடவில்லை.

"விடுடா கண்ணு. இந்தா, இலவம்பஞ்சு."

"தும்மல் வருது."

"உனக்குத்தான் சொந்தமா ஒரு வால் இருக்கே!"

"அது ஒல்லி."

மைனா வந்து சுவர்மேல் உட்கார்ந்தது. "என்னக்கா, இன்னிக்கும் பாதியிலேயே நிக்குதா? பூனை பானைக்குள்ள மாட்டிக்கிட்டு நாலு நாளாச்சு!"

துணுக்கின் காது நிமிர்ந்தது. "பூனை வெளியே வந்துச்சாம்மா?"

"எழுதினாத்தான் தெரியும்."

"வாயாலேயே சொல்லேன்."

"வாய்க்கு எப்படிடா தெரியும்? வாலுக்குத்தான் தெரியும்" என்றது வரிச்சி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

துணுக்கு அம்மாவின் வாலைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. பிறகு தன் ஒல்லி வாலைப் போர்த்திக்கொண்டு சுவருக்கு எதிரே உட்கார்ந்தது.