தனி மீட்டர்

"மீட்டர் என் பேர்லதான் வரணும் தம்பி. அதுல மாத்தமே இல்ல."

மாடி அறை வாசலில் நின்றுகொண்டு அந்த அம்மா சொன்னார். அறுபது வயதிருக்கும். காலடியில் ஒரு சூட்கேஸ், பக்கத்தில் மாடிக்கு ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருந்த பழைய தையல் மெஷின்.

ஸ்டூல் மேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் கையை நிறுத்தினான். சட்டென்று எரிந்துவிடுகிற ஆள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனை 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். ஆபீஸுக்குப் புறப்பட்ட உடுப்பு. வயது முப்பத்தைந்தைத் தாண்டாது.

"எதுக்கும்மா இதெல்லாம்? கீழ் வீட்டு மீட்டர்லேருந்தே ஒரு லைன் எடுத்துக்கலாமே. நான் என்ன கரண்ட்டை நிறுத்திடவா போறேன்?"

"நிறுத்துவேன்னு நான் சொல்லலையே தம்பி. நிறுத்த முடியாதபடி இருக்கட்டும்னு சொல்றேன்."

ஃபியூஸுக்கு அந்தப் பதில் ரொம்பவே பிடித்துப்போனது. அவனும் வாடகை வீட்டில்தான் குப்பை கொட்டுகிறான். அவன் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் தண்ணீர் வால்வை மூடிவிடுவார். அவனும் பெண்டாட்டியும் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடுவார்கள். ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கிறானா? ஊரில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவன், அந்த ஆளைக் கண்டால் மட்டும் பெட்டிப்பாம்பு.

"சார், குடியிருக்கிறவங்க பேர்லயே மீட்டர் வாங்கலாம்" என்று நடுவில் புகுந்தான். "ஆட்சேபணை இல்லைன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அது இல்லைன்னா மின்சார ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

வீட்டுக்காரர் கைபேசியை நோண்டினார். கையெழுத்து விழாவிட்டால் இந்த அம்மாவுக்குக் கீழ் வீட்டு மெயின் சுவிட்சுதான் கதி. அது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். குரல் மட்டும் இறங்கவில்லை.

"இன்னும் இருக்கு தம்பி. மாடித் தண்ணிக்குத் தனி வால்வு. இந்தப் பூட்டோட சாவி ரெண்டும் என்கிட்டத்தான். யார் உள்ள வர்றதா இருந்தாலும் கதவைத் தட்டிட்டு வரணும். காலி பண்ணச் சொல்றதா இருந்தா, நாம போட்ட ஒப்பந்தப்படி ரெண்டு மாசம் முன்னாடி எழுதிக் குடுக்கணும்."

"கோர்ட்டுல பேசுற மாதிரி பேசுறீங்கம்மா."

"வாடகைக்கு வர்றவ வேற எப்படிப் பேசுவா?"

வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. கீழேயிருந்து ஒரு பெண் குரல், "இன்னுமா முடியல?" என்று கேட்டது. படிப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஃபியூஸ் நீட்டிய காகிதத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"போதுமாம்மா?"

"போதும் தம்பி."

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஃபியூஸ் மீட்டர் பலகையை மாட்ட டிரில்லை எடுத்தான்.

"அங்க ஓட்டை போடாதப்பா. உள்ள தண்ணிக் குழாய் போகுது."

சுவரைத் தட்டிப் பார்த்தான். நிஜம்தான். வீடு பார்க்க வந்தபோதே எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளிப் போட்டான்.

"முன்னாடி இருந்த இடத்துல ரொம்பப் பட்டிருக்கீங்க போலம்மா."

"பட்டதுதான். கைச்செலவுக்குன்னு நாலு துணி தைச்சா, மெஷின் சத்தம் ஆகலைன்னு மெயினை அணைச்சிடுவாங்க. இருட்டுல உட்கார்ந்திருப்பேன். போன மாசம் ஒரு நாள், 'இது என் வீடு, இஷ்டமில்லைன்னா வெளிய போ'ன்னு ஒரே பேச்சு."

"நோட்டீஸ் குடுக்காம எப்படிம்மா அப்படிச் சொல்லலாம்? நீங்க விட்டிருக்கக் கூடாது."

"அங்க எனக்கு யாருப்பா நோட்டீஸ் குடுப்பா?" கண் கலங்கியதை அந்த அம்மா மறைக்கவில்லை.

ஃபியூஸ் டிரில்லைக் கீழே வைத்தான். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த வால்வு விஷயத்தைக் கேட்டே தீருவது என்று முடிவு செய்தான்.

"விடுங்கம்மா. இனிமே மீட்டர் உங்க பேர்ல, சாவி உங்க கையில. யாரும் அசைக்க முடியாது. இந்த வீட்டுக்காரரும் பரவாயில்ல. வார்த்தைக்கு வார்த்தை அம்மா அம்மான்னு கூப்பிடுறாரே, முன்னப் பின்ன தெரியாதவங்களை அப்படிக் கூப்பிட யாருக்கு மனசு வரும்?"

அந்த அம்மா தையல் மெஷின் மேல் இருந்த தூசியைத் தலைப்பால் துடைத்தார்.

"அவன் பேசத் தொடங்கின நாள்லேருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுறான்" என்றார். "பெத்தவளா கீழ இருந்தப்போ ஒரே வார்த்தையில வெளிய போகச் சொல்லிட்டான், வாடகைக்காரின்னா ரெண்டு மாசம் முன்னாடி சொல்லணுமேப்பா."