நனையாத பதிவேடு

புயலுக்காக மூன்று நாள் மூடிக்கிடந்த அரசு அலுவலகம் இன்று காலை திறந்திருக்கிறது. சுவரில் மேசை உயரத்துக்கும் மேலே தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு. நிரந்தர ஊழியர்களுக்கு அந்த நாட்கள் சம்பளத்தோடு விடுப்பு. தினக்கூலிக்காரர்களுக்கு வந்த நாளுக்குத்தான் கூலி என்கிறது சுற்றறிக்கை. எழுத்தர் வருகைப் பதிவேட்டில் துப்புரவுக்காரியின் பெயருக்கு நேரே காலியாக இருக்கும் மூன்று கட்டங்களைப் பார்க்கிறார். "மூணு நாளும் வந்தேன் சார்." "வந்தவங்க ஒரு கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதாக்கா?" "உங்க முன்னாடிதான் போடணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? நீங்கதான் வரலையே." பக்கத்து மேசையில் எழுந்த சிரிப்பு உடனே அடங்குகிறது. சேறு கழுவிக் கழுவி அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. வரவில்லை என்று எழுத எழுத்தர் சிவப்புப் பேனாவைத் திறக்கிறார். அவருடைய மேசை இழுப்பறை தண்ணீரில் உப்பிப்போயிருக்கிறது. மேலே காகிதங்கள் கூழாகிக் கிடக்கின்றன. பதிவேட்டையும் இதே மேசைமேல்தான் விட்டுப் போயிருந்தார். காலையில் அது பீரோவின் உச்சியில் இருந்தது. அலுவலகத்தின் இன்னொரு சாவி இருப்பது அவளிடம் மட்டும்தான். பக்கத்தைத் தடவுகிறார், தாள் மொடமொடவென்று இருக்கிறது. பேனாவை மூடிவிட்டுப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்புகிறார். "இப்போ என் முன்னாடி போடுங்கக்கா." தாள் நனைந்துவிடக் கூடாதென்று அவள் இடுப்பில் செருகிய துணியில் கையை இருமுறை துடைத்துக்கொள்கிறாள்.