பாயைத் தூக்க வேண்டியவர்

"இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கானுங்க, அண்ணி. இந்த மழையிலயும் எழுந்திரிக்கிற மாதிரி தெரியல."

தென்னோலைத் திரையை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான் லேவி. மாரேதா நிமிரவில்லை.

முற்றத்தில், புதிய கல்லறைக்கு அப்பால், பக்கத்து ஊரார் விடியுமுன்பே வந்து, தங்கள் குலத்தின் மிக நேர்த்தியான பாய்களைத் தலைமேல் போர்த்திக்கொண்டு குனிந்து அமர்ந்திருந்தனர். அவர்களுடைய லாரிதான் போன வாரம், சைக்கிளில் சென்ற அவள் மகன் இசாயாவின் மேல் ஏறியது. ஓட்டியவனும் ஒரு பாயின் கீழ் இருந்தான். அந்தத் தீவின் வழக்கப்படி, இறந்தவனின் வீட்டார் பாயைத் தூக்கிவிட்டால் மன்னிப்பு. தூக்காவிட்டால், கல்லடி பட்டாலும் அவர்கள் அசையக் கூடாது.

"தூக்க வேண்டிய ஆள் எங்க?" என்றான் லேவி. "வீட்டுத் தலைவர் அண்ணன்தானே? மகனப் பொதைச்சு நாலு நாள் ஆகல, இருட்டோட இருட்டா ஜெபம்னு கிளம்பிடுறார். எதிரி வாசல்ல வந்து உட்கார்ந்திருக்கான். இவரக் காணோம்."

"இருந்தா மட்டும் என்ன பண்ணிடுவார்?" என்றாள் மாரேதா. "ஆஸ்பத்திரியிலயும் ஜெபம்தான் பண்ணினார்."

போதகரின் மனைவி ஏசெத்தா, கோக்கோவை ஆற்றி அவளிடம் நீட்டினாள். "ஒரு வாயாவது குடி. உன் வீட்டுக்காரர் சியாவோசி இன்னிக்கு ஆலயத்துக்கும் வரல. அவர் உட்கார்ற இடம் காலியா இருந்துச்சு."

"அப்ப சேப்பங்கிழங்குத் தோட்டத்துல போய் ஒளிஞ்சிருப்பார்" என்ற லேவி, கத்தியை இடுப்பில் செருகினான். "மத்தியான மணி அடிக்கிற வரைக்கும்தான் பார்ப்பேன். அப்புறம் நானும் பெரியப்பா பசங்களும் இறங்கிடுவோம்."

மாரேதா கோக்கோவைத் தொடாமல் கீழே வைத்தாள்.

"போதகரம்மா, ஆஸ்பத்திரித் தரையில மூணு நாள் முழங்கால்ல நின்னேன். என் உயிர எடுத்துக்கிட்டு அவன விட்டுடும்னு கேட்டேன். விடல. உன்னால ஒண்ணும் ஆகாதுன்னு ஆண்டவர் காட்டிட்டார். இப்ப என் கையில மிச்சம் இருக்கிறது அந்தப் பாய் ஒண்ணுதான். அதத் தூக்காம இருக்க மட்டும்தான் என்னால முடியும். அதையும் விட்டுடுன்னு சொல்ல வந்திருக்கீங்களா?"

"நான் எதையும் விடச் சொல்லல" என்றாள் ஏசெத்தா. "செத்தது என் பிள்ளையா இருந்தா லேவிக்கு முன்னாடி நான் கல்லெடுத்திருப்பேன்."

"போதகர் வீட்டம்மா பேசுற பேச்சா இது?" என்றான் லேவி.

"நீ போய் போதகர் காதுல ஓதாம இருந்தாச் சரி." அவள் மாரேதாவின் பக்கம் திரும்பினாள். "முடியலன்னா முடியலன்னே ஆண்டவர்கிட்டச் சொல்லு. அதுவும் ஜெபம்தான்."

மாரேதா கண்களை மூடினாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஆண்டவரே, என்னால முடியல. தூக்கவும் முடியல, தூக்காம இருக்கவும் முடியல. நீரே பார்த்துக்கும்."

மழை நிற்கவில்லை. நெஞ்சின் பாரமும் குறையவில்லை. ஆயினும், மகனைப் புதைத்த நாள் முதல் தூணோடு சாய்ந்தே கிடந்தவள், எவருடைய கையையும் பற்றாமல் எழுந்து நின்றாள்.

லேவி படியை மறித்தான். "அண்ணன் இல்லாம நீங்க பாயத் தொடக் கூடாது, அண்ணி."

"அவர் வர்றப்ப வரட்டும். அவர் இல்லாதப்ப இந்த வீட்டுக்கு நான்தான். நகரு தம்பி."

அவன் நகர்ந்தான்.

கூட்டத்தின் நடுவில் இருந்த பெரிய பாயின் முன் போய் நின்றாள். லாரி ஓட்டியவன் அதன் கீழ்தான் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். குற்றம் செய்தவனை நடுவில் அமர்த்துவதே வழக்கம். மழையில் ஊறிக் கனத்திருந்தது பாய். இரு கைகளாலும் விளிம்பைப் பற்றி, மகனின் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லி, அதைத் தூக்கினாள்.

ஓட்டியவன் சேற்றில் நெற்றி படக் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தான். அவனுடைய முதுகில் ஒரு கையை வைத்தபடி, அவனைப் போலவே தலைகுனிந்து பக்கத்தில் அமர்ந்திருந்தார் சியாவோசி.

"விளக்கில்லாத சைக்கிள்ல, அந்த இருட்டுல, நம்ம பிள்ளைய ரொட்டி வாங்க அனுப்பினது நான்தான், மாரேதா" என்றார் அவர், நிமிராமலே. "நீ தூக்காம நான் எப்படி வெளிய வருவேன்?"