மாதா தங்கிய வீடு

“இன்னிக்கு எங்க வீட்டு முறை. மாதாவ எடுங்கக்கா!”

“இந்த மழையில நனைய விடச் சொல்றியா?” சவுரியம்மாள் மாதா சிலையை மறித்து நின்றாள்.

“முந்தாநாள் உங்களுக்குக் காய்ச்சல், நேத்து நேர்ச்சை, இன்னிக்கு மழை. நாளைக்கு மாதாவுக்கே காய்ச்சல்னு சொல்வீங்க!” பிலோமினா குடையை உதறினாள்.

ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீட்டுக்கு ஒரு நாள் தங்கும். யார் வீடானாலும் சாயங்காலம் தெருவே அங்கே கூடி ஜெபமாலை சொல்லும். சவுரியம்மாள் வீட்டை விட்டுத்தான் சுரூபம் நகரவில்லை.

“ஆசீர்வாதம் பூரா உங்க வயலுக்கே வேணுமாக்கும்?”

“ஆசீர்வாதத்த நீயே எடுத்துக்க புள்ள. தெருவுக்கே ஆகுற மாதிரி சுண்டல் வேக வச்சிருக்கேன், ஜெபத்த இங்கயே...”

“உங்க சுண்டல் யாருக்கு வேணும்? நகருங்க!”

பின்னால் நின்ற பெண்கள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். பிலோமினா சுரூபத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சவுரியம்மாள் அதற்குமேல் தடுக்கவில்லை. வாசல்வரை கூடவே வந்தாள்.

“வாய்க்கால் தண்ணிக்காக எங்க வீட்டுக்காரரு தெரு மேல கேஸ் போட்டதுலேர்ந்து யாரும் இந்தப் படிய மிதிக்கல பிலோமி. அவரு செத்த அன்னிக்குக்கூட கோயிலுக்கு வந்துட்டு அப்படியே திரும்பிட்டீங்க. மாதா வந்தப்புறந்தான் இந்த வீட்டுல மனுஷப் பேச்சு கேட்டுச்சு.”

பாட்டு நின்றது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி தெருவில் இறங்கினார்கள்.

“மாதாவக் கொண்டுபோங்க, வேணாங்கல. நாளைக்கு நீங்க யாராவது வருவீங்களா?”